கூத்துக் கலைஞரை வகுப்பறைக்கு அழைப்பது எப்படி: ஆசிரியர்களுக்கான ஆறு வாரச் செய்முறை

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காட்டுப் பகுதியில், திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு, மகாபாரதக் கதையை இரவு முழுதும் ஆடிப் பாடிக் காட்டும் பாரதக் கூத்து புதிதல்ல. பாட்டியின் மடியில் படுத்தபடி விடியவிடியக் கூத்துப் பார்த்த அதே பிள்ளை, வகுப்பில் எழுந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் குரல் எழாமல் நிற்பதை நம்மில் பலர் அன்றாடம் காண்கிறோம். இந்தத் தயக்கத்தை உடைக்க நான் கண்ட நல்ல வழி, ஒரு கூத்துக் கலைஞர் ஆறு வாரங்கள் ஒரே வகுப்புக்குத் தொடர்ந்து வந்து, பாடநூலில் உள்ள ஒரு பாடத்தையே பிள்ளைகளோடு சேர்ந்து கூத்தாக்குவதுதான். இதை முதன்முறையாகச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்காக இதனை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் முறை நான் பணியாற்றிய பள்ளியில், கலைஞரை ஆண்டுவிழாவுக்கு நாடகம் போட்டுத் தரும்படி அழைத்தோம். நன்றாகப் பேசும் ஆறு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மற்ற முப்பது பேரும் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தனர். விழாவில் கைதட்டல் கிடைத்ததே தவிர, யாருக்கு அந்தப் பயிற்சி தேவைப்பட்டதோ அவர்களுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. ஆகவே மேடையை மறந்துவிட்டு, வகுப்பில் உள்ள அனைவருக்குமாகத் திட்டமிடுங்கள்.

முதல் படி: பாடத்தைத் தேர்ந்தெடுத்தல்

எந்தப் பாடத்தில் இரண்டு தரப்பு மோதுகிறதோ, அது கூத்துக்கு உகந்தது. எங்கள் பகுதிக்கு எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் வரும் 1806 வேலூர்ப் புரட்சியைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. புதிய தலைப்பாகையை அணிய வேண்டும், நெற்றியில் சமயக்குறி கூடாது, காதணி கூடாது என்று வந்த கட்டளை, சிப்பாய்களின் மனக்கொதிப்பு, ஜூலை 10 விடியலுக்கு முன் கோட்டைக்குள் வெடித்த துப்பாக்கி, புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தது என எல்லாமே காட்சிகளாக நிற்கின்றன. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குப் பலமுறை போய்வந்த பிள்ளைகள்கூட அந்தக் கோட்டையில்தான் இது நடந்தது என்று சேர்த்து நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். தொடக்கத்தில் ஒரு நாள் அழைத்துச் சென்று மதிலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: கலைஞரும் காலமும்

பங்குனி முதல் ஆடி வரை கூத்துக் கலைஞர்களுக்கு ஓய்வு இராது. இரவெல்லாம் ஆடிவிட்டுப் பகலில் உறங்குவார்கள். மழைக்காலத்தில் திறந்தவெளிக் கூத்து நடவாததால் கையில் வேலையும் குறைவு, வருமானமும் குறைவு. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அக்டோபர் தொடக்கத்திலிருந்து நவம்பர் நடு வரை உள்ள ஆறு வாரங்கள் இருவருக்கும் பொருந்தும். தீபாவளி இடையில் வரும், மழை விடுமுறையும் வரும்; அதற்காக ஒரு வாரத்தைக் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள்.

யாரைக் கேட்பது? உங்கள் ஊர்க் கோயிலில் பாரதக் கூத்து நடத்தியவர்களைக் கேட்டாலே எந்த ஜமா (கூத்துக் குழு) வந்தது, அதை நடத்தும் வாத்தியார் யார் என்று சொல்லிவிடுவார்கள். செய்யாறு அருகே உள்ள புரிசை கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர். ஆயினும் அவ்வளவு தொலைவு போகாமல், பிள்ளைகளின் பேச்சு வழக்கைப் பேசும் உள்ளூர்க் கலைஞரை அழைப்பதே நல்லது என்பது என் கருத்து. பிள்ளைகளைத் திட்டாமல் பொறுமையாகச் சொல்லித்தருபவரா என்பதை மட்டும் ஒரு மணி நேரம் உடனிருந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாம் படி: அனுமதியும் ஊதியமும்

தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலையும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தையும் முன்கூட்டியே பெறுங்கள். கலைஞர் இருக்கும் நேரமெல்லாம் வகுப்பாசிரியரும் அறையில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஊதியத்தைப் பொறுத்தவரை, ஓர் இரவுக் கூத்துக்கு அவர் பங்காகப் பெறும் தொகையைக் கேட்டு, அதற்குக் குறையாமல் ஒவ்வொரு வருகைக்கும் பேருந்துக் கட்டணத்தோடு கொடுங்கள். சேவையாக வந்து போகட்டும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அவருக்கு இதுதான் தொழில்.

நான்காம் படி: வகுப்பில் நடத்துதல்

வாரத்தில் இரண்டு நாள், அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள் என வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடவேளை பெஞ்சுகளை நகர்த்துவதற்கே போய்விடும். முதல் வாரத்தில் வசனமே வேண்டாம். தாளமும் அடவும் (ஆட்டத்தின் காலடி வரிசை) போதும். மத்தளம் ஒலிக்க, வட்டமாக நின்று காலடி எடுத்து வைக்கும்போது கூச்சம் பாதி கரைந்துவிடும்.

இரண்டாம் வாரத்தில் திரையைக் கொண்டு வாருங்கள். கூத்தில் ஒரு வேடம் வரும்போது இருவர் திரை பிடிப்பார்கள்; வேடம் கட்டியவர் அதன் பின்னால் நின்று பாடிய பிறகே முகம் காட்டுவார்; கூத்தை அறிமுகம் செய்து நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் "நீர் யார், எங்கிருந்து வருகிறீர்?" என்று கேட்க, அவர் தம் வரலாற்றைச் சொல்வார். இந்த அமைப்பு கூச்சமுள்ள பிள்ளைக்கென்றே செய்துவைத்ததுபோல் இருக்கிறது. ஒரு பழைய வேட்டியைத் திரையாகப் பிடித்தோம். அதுவரை வகுப்பில் வாய் திறந்தறியாத ஒரு மாணவி அதன் பின்னால் நின்றாள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய இரண்டு பாதங்களும், வேட்டியின் விளிம்பை இறுகப் பற்றிய விரல்களும்தான். கட்டியங்காரனாக நின்ற கலைஞர் மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை, "நான் சிப்பாய். என் தலைப்பாகையை வாங்கிக்கொண்டு ஒரு தொப்பியைக் கொடுத்தார்கள்" என்று குரல் வந்தது. திரையை எப்போது இறக்குவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். அவள் அன்று இறக்கவில்லை, அடுத்த வாரம் தானே இறக்கினாள்.

மூன்றாம், நான்காம் வாரங்களில் பாடநூலைத் திறந்து, குழுக்களாகப் பிரிந்து தர்க்கம் (இரு தரப்பு வாதம்) எழுதச் சொல்லுங்கள்: கட்டளையை ஆதரிக்கும் அதிகாரி ஒருபுறம், மறுக்கும் சிப்பாய் மறுபுறம். இதில் கலைஞர் சந்தத்தைத் திருத்துவார், நீங்கள் வரலாற்றைத் திருத்துவீர்கள். இருவரும் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடாமல் இருக்க, யார் எதைப் பார்ப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கூத்தின் கிரீடமும் தோளில் அணியும் புஜக்கட்டையும் எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செய்யப்படுபவை. கலைஞர் ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் பிள்ளைகள் அட்டையில் தாங்களே செய்துகொள்வார்கள். ஐந்தாம் வாரம் ஒத்திகைக்கு.

ஐந்தாம் படி: காட்டுதலும் குறித்துவைத்தலும்

கடைசி வாரத்தில் பெற்றோரை வகுப்பறைக்கே அழையுங்கள். எல்லோருக்கும் வேடம் இருக்க வேண்டும். பேச விரும்பாதவர் பின்பாட்டிலோ தாளத்திலோ திரை பிடிப்பதிலோ இருக்கலாம். மதிப்பெண் போட வேண்டாம். முதல் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை வாக்கியம் பேசியது, யாரைப் பார்த்துப் பேசியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். அடுத்த ஆண்டு மேலாண்மைக் குழுவிடம் நிதி கேட்கும்போது அந்த நோட்டைக் காட்டலாம்.

நிகழ்வு முடிந்த அன்றே அடுத்த அக்டோபருக்கான தேதியையும் பேசிவிடுங்கள். கூத்துக்கு ஜமாவை ஒப்பந்தம் செய்யும்போது தாம்பூலம் வைப்பது வழக்கமாதலால், தலைமையாசிரியர் கையால் வெற்றிலை பாக்கோடு ஒரு சிறு முன்பணத்தையும் வைத்து, பிள்ளைகள் பார்க்கக் கொடுக்கச் சொல்லுங்கள்.