வீட்டிலிருந்து புத்தக வடிவமைப்பு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைப் புத்தகக் காட்சி டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் தொடங்கும். அங்கே அடுக்கப்படும் புதுப் புத்தகங்களில் பல, அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் யாரோ ஒருவருடைய வீட்டு அறையில் பக்கங்களாக வடிவமைக்கப்பட்டவை. சிறு பதிப்பகங்களில் சம்பளத்துக்கு வடிவமைப்பாளர் வைத்துக்கொள்ள வசதி இருக்காது, வேலையை வெளியே கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். அதனால் இந்தத் துறைக்குப் புதிதாக நிறையப் பேர் வருகிறார்கள், வரவும் வேண்டும்.

வருகிறவர்கள் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனை எங்கள் தலைமுறையைவிட நன்றாகவே கற்றுக்கொண்டு வருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு டிசம்பரிலும் இரண்டு மூன்று பேராவது போன் செய்து அழாத குறையாகச் சொல்வது, நாங்கள் ஆரம்பத்தில் பட்ட அதே பாட்டைத்தான். பேக்கப் எடுத்து வை, சொன்ன தேதிக்குக் கொடு, மரியாதையாகப் பேசு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பிரதி முடியாமலேயே பக்கம் கட்டுவது

போன டிசம்பரில் ஒரு பெண் பேசினார். பொறியியல் படித்துவிட்டு, புத்தகங்கள் மேலுள்ள ஆசையால் இந்த வேலைக்கு வந்தவர். கட்டுரைத் தொகுப்பு ஒன்று, டெமி என்ற வழக்கமான புத்தக அளவு, 192 பக்கம். ஒரே தாளில் அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்பதால் சரியாக 12 ஃபாரம். "இதுதான்மா ஃபைனல்" என்று சொல்லித்தான் ஆசிரியர் ஃபைலை அனுப்பினார். இவரும் நான்கே நாளில் அழகாகப் பக்கம் கட்டி பிடிஎஃப் அனுப்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து வாட்ஸ்அப். முதலில் எழுத்துப் பிழைகள். அப்புறம் ஒரு வரி, அப்புறம் ஒரு பத்தி. பிறகு ஏழாவது கட்டுரைக்குப் புதிதாக ஒரு முடிவு, அதுவும் காகிதத்தில் கையால் எழுதி, டியூப்லைட் வெளிச்சம் பாதி எழுத்தை விழுங்க எடுத்த போட்டோவாக. நடுநடுவே வாய்ஸ் மெசேஜ். இதற்கிடையில் பதிப்பாளர் தனியாக ஒரு பட்டியல் அனுப்பினார், மெய்ப்புப் பார்ப்பவர் (பிழை திருத்துபவர்) தனியாக ஒன்று. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தது மூன்று வெவ்வேறு பிடிஎஃப்.

இங்கேதான் விபத்து நடக்கும். "84ஆம் பக்கம், மூன்றாவது பத்தியில் 'அதனால்' என்பதை எடுத்துவிடுங்கள்" என்று ஒரு செய்தி வருகிறது. அனுப்பியவர் கையில் இருப்பது இரண்டாவது பிடிஎஃப். இந்தப் பெண் திறந்து வைத்திருப்பது ஐந்தாவது. முன்னால் ஒரு பத்தி கூடியதில் பழைய 84 இப்போது 85 ஆகிவிட்டது. புதிய 84இலும் மூன்றாவது பத்தியில் ஓர் 'அதனால்' இருந்தது. அதை எடுத்துவிட்டார். எடுக்க வேண்டிய சொல் அச்சில் இருக்கிறது, இருக்க வேண்டிய சொல் இல்லை. பழி வடிவமைப்பாளர் தலையில்.

சேர்த்துச் சேர்த்துப் பக்கம் 203 ஆனது. 12 ஃபாரத்துக்குக் கணக்குப் போட்டு விலையை அறிவித்துவிட்ட பதிப்பாளர் பதின்மூன்றாவது ஃபாரத்துக்குச் சம்மதிப்பாரா? அச்சு பிளேட்டும் காகிதமும் கூடும். "எப்படியாவது 192க்குள் கொண்டு வாங்க" என்றார். எப்படியாவது என்றால் 12 பாயின்ட் எழுத்தை 11.5 ஆக்கி, வரி இடைவெளியையும் கொஞ்சம் இறுக்க வேண்டும். சொல்வதற்கு ஒரு நிமிட வேலை. ஆனால் எழுத்தளவு மாறினால் புத்தகத்திலுள்ள எல்லா வரிகளும் வேறு இடத்தில் உடையும். பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் தனியாக நிற்கும். அடிக்குறிப்புகள் இடம் மாறும், பொருளடக்கம் மாறும். முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். 192க்குள் அடங்காமல் பக்கம் கூடியே போனால் அட்டையும் தப்பாது. 70 ஜிஎஸ்எம் தாளில் 48 பக்கம் கூடினாலே முதுகு 2 மில்லிமீட்டர் தடிக்கும். முதுகில் அச்சிட்ட தலைப்பு ஓரத்துக்கு நழுவிவிடும்.

பணக் கணக்கைப் பாருங்கள். பக்கத்துக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 192 பக்கத்துக்கு 7,680 ரூபாய். நான்கு நாளில் முடிந்திருந்தால் நாளுக்கு 1,920. மூன்று வாரம் இழுத்தால் நாளுக்கு 365 ரூபாய்தான். அந்த மூன்று வாரத்தில் வந்த வேறு இரண்டு வேலைகளை அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

"எத்தனை முறை திருத்தம் என்று முதலில் பேசினீங்க?" என்று கேட்டேன். பேசவே இல்லை. "கேட்டா அடுத்த புத்தகம் தர மாட்டாங்களோன்னு பயம் அண்ணா" என்றார். இந்தப் பதிலை வருடா வருடம் கேட்கிறேன், வருடா வருடம் எரிச்சல் வருகிறது. இந்தப் பயத்தை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு வேலை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஒழுங்காகப் பேசி வேலை செய்பவரை நல்ல பதிப்பாளர் எவரும் கைவிட்டு நான் பார்த்ததில்லை.

எழுத்தாளர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் எழுத்தைப் புத்தகப் பக்கமாகப் பார்க்கும்போதுதான் பலருக்குக் குறைகள் கண்ணில் படும். அது இயல்பு. அந்தத் திருத்தத்துக்கான இடத்தைப் பக்கம் கட்டுவதற்கு முன்பே அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நான் செய்வது இது. வேர்ட் கோப்பிலேயே புத்தகத்துக்கான எழுத்துருவைப் போட்டு, புத்தகத்தில் வரப்போகும் வரி அகலத்தையே வைத்து, மொத்தத்தையும் பிரின்ட் எடுத்து ஆசிரியர் கையில் கொடுத்துவிடுவேன். எவ்வளவு வேண்டுமானாலும் அதில் அடித்துத் திருத்தட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். கூடவே மாதிரிக்கு ஒரே ஒரு ஃபாரம் மட்டும் பக்கம் கட்டிக் காட்டுவேன். திருத்தங்களெல்லாம் வேர்டில் ஏறி, "இதை வைத்துப் பக்கம் கட்டலாம்" என்று மின்னஞ்சல் வந்த பிறகுதான் முழு வேலை.

அதற்குப் பின் மெய்ப்பு, அதாவது பிழை பார்க்க அனுப்பும் பக்கங்கள், இரண்டு முறை. முதல் மெய்ப்பில் திருத்தம், இரண்டாவதில் அந்தத் திருத்தங்கள் ஏறியிருக்கின்றனவா என்று சரிபார்ப்பது மட்டும். பதிப்பாளர், ஆசிரியர், மெய்ப்புப் பார்ப்பவர் மூவரும் சேர்த்ததை ஒரே ஆள் தொகுத்து, பிடிஎஃபிலேயே குறித்து அனுப்ப வேண்டும். வாய்ஸ் மெசேஜ், போட்டோ எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'மெய்ப்பு 1' என்று தேதியோடு சின்னதாக அடித்துவிடுங்கள். 84ஆம் பக்கக் குழப்பம் அதோடு தீரும்.

கட்டணத்தில் ஒரே ஒரு கோடு கிழித்தால் போதும். என் கையால் வந்த பிழையை எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசமாகத் திருத்துவேன். பக்கம் கட்டிய பிறகு எழுத்தை மாற்றினால், அதற்குச் செலவாகும் நேரத்துக்குத் தனிக் கட்டணம். வேலை பேசும் அன்றைக்கே இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"சார், பக்கத்துக்கு இவ்வளவு என்பதில் இரண்டு மெய்ப்பு அடங்கும். வடிவமைப்புப் பிழைகளுக்குக் கட்டணம் இல்லை. பக்கம் கட்டிய பிறகு புதிதாகச் சேர்ப்பது, மாற்றி எழுதுவது இருந்தால் மணிக்கு இவ்வளவு ஆகும். சம்மதம் என்று ஒரு வரி பதில் அனுப்பினால் வேலையைத் தொடங்குகிறேன்."

அந்தப் பதில் வரும்வரை கோப்பைத் திறக்காதீர்கள்.

ஃபைலைப் பார்க்காமல் விலை சொல்வது

"200 பக்கம் இருக்கும், எவ்வளவு ஆகும்?" என்று போனில் கேட்பார்கள். உடனே சொல்லிவிடக் கூடாது. தமிழ்ப் பிரதி என்பது திறந்து பார்க்கும்வரை என்னவென்று தெரியாத சரக்கு. யூனிகோடில் இருந்தால் சரி. பாமினி, வானவில், டாம், டாப் போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்குறிப்பு எல்லாம் காணாமல் போகலாம். பாமினிக் கோப்பில் நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால், மாற்றும் மென்பொருள் அவற்றையும் தமிழ் எழுத்தாக்கிவிடும். 'Tamil' என்று இருந்த இடத்தில் 'வுயஅடை' என்று நிற்கும். ஆய்வு நூல் என்றால் இப்படிப் பக்கத்துக்குப் பத்து.

யூனிகோட் என்றாலும் உடனே நிம்மதி அடைய வேண்டாம். 'கௌரவம்' என்பதில் ஒரே எழுத்தாக வர வேண்டிய கௌவை, 'கெ' போட்டுப் பக்கத்தில் ஒரு 'ள' போட்டு அடித்திருப்பார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது. வரி முடிவில் 'கெ' மேலேயும் 'ளரவம்' கீழேயும் உடைந்து நிற்கும்போதுதான் தெரியும். கால் வர வேண்டிய இடத்தில் 'ர' போட்டு 'பரர்த்தேன்' என்று அடித்தவையும் உண்டு. சில எழுத்துருக்களில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். நடுவிலிருந்து பத்துப் பக்கம் வாங்கிப் பாருங்கள். சுத்தம் செய்யும் வேலைக்குத் தனி விலை சொல்லுங்கள்.

பணம் வருமுன் அச்சுக்கோப்பைக் கொடுப்பது

"புக் ஃபேர் முடிந்ததும் செட்டில் பண்ணிடலாம்." இதைச் சொல்பவர்களில் பலர் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. கடைகளிலிருந்து அவர்களுக்கும் பணம் தாமதமாகத்தான் வருகிறது. ஆனால் அச்சகமும் பைண்டிங் செய்பவரும் காகிதக் கடையும் வாசலில் நிற்பார்கள், வீட்டிலிருந்து வேலை செய்யும் நீங்கள் நிற்க மாட்டீர்கள். அதனால் வரிசையில் கடைசி ஆள் நீங்கள்தான்.

பாதி முன்பணம், மீதி அச்சுக்கோப்புக்கு முன். மெய்ப்புக்கு அனுப்பும் பிடிஎஃபில் படங்களைக் குறைந்த தரத்தில் வைத்து, பக்கத்தின் குறுக்கே வெளிறிய எழுத்தில் 'மெய்ப்பு' என்று போட்டு அனுப்புங்கள். படிப்பதற்கு இடைஞ்சல் இருக்காது, அச்சுக்கு உதவாது. யாருக்கும் இதில் மனக்கசப்பு வந்ததில்லை.

இன்னொன்றும் செய்து வையுங்கள். 'உத்யம்' தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யலாம். தனி ஆளாக இருந்தாலும் ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறுந்தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் நாள் குறித்திருக்காவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் உண்டு. இந்தக் கெடுவைத் தாண்டி நிற்கும் தொகையை, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கணக்குக் காட்ட முடியும். பதிப்பகத்தின் ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்புங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். பதிவை வேலை எடுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். பணம் சிக்கிய பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்து பழைய பாக்கிக்குப் பலன் கேட்டால் வழக்கில் நிற்பது கடினம்.

அட்டைக்குக் கூகுளில் எடுத்த படம்

வேண்டாம். பிரச்சினை வந்தால் பதிப்பகம் உங்களைத்தான் கை காட்டும்.

ஓப்பன் ஃபைல்

ஓப்பன் ஃபைல் என்பது திருத்தக்கூடிய மூலக் கோப்பு. அதைக் கேட்பார்களா, தருவீர்களா, என்ன விலை என்பதை முதல் நாளே பேசுங்கள். எழுத்துருவின் உரிமம் உங்களுக்கு மட்டும் என்றால் அதைக் கோப்போடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

இரவு பதினொரு மணிக்குப் பதில் அனுப்புவது

ஒருமுறை அனுப்பினால் தினமும் அனுப்ப வேண்டியிருக்கும்.

டிடிஎஸ் பிடித்ததை மறந்துவிடுவது

டிடிஎஸ் என்பது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி. பதிப்பகம் பெரியதாக இருந்தால் தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தரும். 2025 ஏப்ரல் முதல், ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இது பொருந்தும் (முன்பு 30,000). பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். ஏறியிருந்தால், வரி கட்ட வேண்டாத வருமானக்காரர் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பணத்தை விட்டுவிடுபவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நண்பரின் கவிதைத் தொகுப்புக்குப் பாதி விலை

இலவசமாகச் செய்யுங்கள், அல்லது முழு விலை வாங்குங்கள். பாதி விலையில் இரண்டு பேருக்குமே திருப்தி வராது. அவர் காசு கொடுத்தவராக எதிர்பார்ப்பார், நீங்கள் உதவி செய்தவராக எதிர்பார்ப்பீர்கள். தவிர, கவிதை உரைநடையைவிடச் சுலபம் என்று நினைத்து இறங்குவதும் தப்பு. பக்கத்தில் வார்த்தை குறைவு என்பது உண்மை. ஆனால் டெமி அகலத்தில் நீளமான வரி மடங்கி விழும், அது கவிஞர் உடைத்த வரியா பக்கம் போதாமல் உடைந்ததா என்று வாசகருக்குத் தெரியாது. மடங்கிய பகுதியை உள்ளே தள்ளி வைப்பதா, எழுத்தைக் குறைப்பதா, புத்தக அளவையே இன்னும் அகலமானதாக மாற்றுவதா என்று ஒவ்வொரு கவிதைக்கும் யோசிக்க வேண்டும். அளவை முடிவு செய்யும் முன் தொகுப்பிலேயே மிக நீளமான வரியைக் கேட்டு வாங்கி, அதை மட்டும் பக்கத்தில் போட்டு, கவிஞரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். எங்கே மடங்கலாம் என்பதை அவரே சொல்லட்டும்.