சைகை மொழி விடுதியில் தங்கப் போகிறீர்களா?

பல்கலைக்கழகத்தில் அமெரிக்கச் சைகை மொழி மட்டும் புழங்கும் விடுதியில் இடம் கிடைத்துவிட்டதா? சரி, கதவுக்குள் நுழைந்ததும் குரலை நிறுத்திவிடுங்கள். சைகை தெரியாவிட்டால் விரல்களால் எழுத்துக்கூட்டுங்கள், சுட்டிக்காட்டுங்கள், நடித்துக் காட்டுங்கள், ஆனால் காது கேட்கும் தோழியிடம் கிசுகிசுக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் காது கேளாதவரை அது அவர் வீட்டுக்குள்ளேயே வெளியாளாக்கிவிடும், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஒருவரைக் கூப்பிடத் தோளை மெல்லத் தட்டலாம், கையசைக்கலாம், அறையில் எல்லோரையும் அழைக்க விளக்கை அணைத்துப் போடலாம். இருவர் சைகையில் பேசும்போது நடுவே போகவேண்டியிருந்தால் சட்டென்று கடந்துவிடுங்கள், நின்று மன்னிப்புக் கேட்பதுதான் இடைஞ்சல்.

கையை மட்டும் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் உயரும். யார், எங்கே, ஏன் என்றால் சுருங்கும். அமெரிக்கச் சைகை மொழி தனக்கென்று அமைப்புள்ள மொழி என்று 1960-லேயே மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கோ ஆய்வில் காட்டிவிட்டார், அதனால் ஆங்கில வரிசையில் சைகைகளை அடுக்காதீர்கள்.

பாத்திரம் கழுவும்போது யாராவது பேச வந்தால் குழாயை மூடி, கையைத் துடைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்புங்கள். அப்புறம், பெயர்ச்சைகையை, அதாவது உங்களைக் குறிக்கும் தனிச் சைகையை, நீங்களாக வைத்துக்கொள்ளாதீர்கள். காது கேளாதவர்கள் தரும்வரை பெயரை எழுத்துக்கூட்டியே சொல்லுங்கள்.