ஃப்ளூ காய்ச்சலில் உடலின் முதற்காவலுக்குத் துணை நிற்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தொண்டி முதல் பாம்பன் வரை இருமலும் காய்ச்சலும் பரவுவது வழக்கம். காய்ச்சல் கண்ட அன்றே ஊசி போடச் சொல்லிக் கேட்பதும் வழக்கம். ஆனால் வைரஸ் நுழைந்த சில மணி நேரத்திலேயே உடலின் முதற்காவல், அதாவது பிறவியிலேயே அமைந்த நோய் எதிர்ப்பு, தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதற்கு இடையூறு செய்யாதிருப்பதே வீட்டார் கற்க வேண்டிய முதல் பாடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில், சளியைப் பகையாகக் கருத வேண்டாம். சுவாசப்பாதைச் செல்களின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொண்டுதான் ஃப்ளூ வைரஸ் உள்ளே நுழைகிறது. சளியிலும் அதே பொருள் இருப்பதால் வைரஸில் ஒரு பகுதி அங்கேயே ஒட்டிக்கொள்ள, செல்களின் மேலுள்ள நுண்ணிய மயிரிழைகள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகின்றன. இந்த இழைகளைப் புகை முடக்கும். ஆகவே சீமைக் கருவேல விறகு எரியும் அடுப்படியிலிருந்து நோயாளியின் பாயைத் தள்ளிப் போடுங்கள். பீடி, சிகரெட் புகையையும் அண்டவிடாதீர்கள். வெந்நீரும் நொய்க்கஞ்சியும் சிறுகச் சிறுகக் கொடுங்கள்.

இந்தச் சளித் தடுப்பைத் தாண்டிய வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைச் செல்லுக்குள் இருக்கும் உணரிகள் அடையாளம் காண்கின்றன. உடனே அந்தச் செல் இண்டர்ஃபெரான் என்னும் புரதத்தை வெளியிட்டு அண்டைச் செல்களை எச்சரிக்கிறது. 1957-இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜீன் லிண்டென்மானும் வெப்பத்தால் செயலிழக்கச் செய்த ஃப்ளூ வைரஸைக் கோழிமுட்டைக் கருச்சவ்வில் இட்டு ஆராய்ந்தபோது இதைக் கண்டறிந்தார்கள்: செயலிழந்த வைரஸைச் சந்தித்த சவ்வு, அதன் பின் உயிர்ப்புள்ள வைரஸையும் பெருகவிடவில்லை.

இண்டர்ஃபெரானும் அதனுடன் சுரக்கும் பிற புரதங்களும் இரத்தத்தில் கலப்பதால்தான் கைகால் உளைச்சலும் காய்ச்சலும் வருகின்றன. ஆகவே இலேசான காய்ச்சலை உடனே இறக்க வேண்டியதில்லை. வேதனை மிகுந்தால் மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் போதும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறிக்கு வழிவகுக்கலாம். ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவுக்கு உரியவை, வைரஸை ஒன்றும் செய்யா. ஓய்வு கட்டாயம்: காய்ச்சலோடு கடலுக்குப் போகிறவர் தம்மை வருத்திக்கொள்வதோடு, நெருங்கி அமர்ந்து வலை இழுக்கும் படகுத் தோழர்களுக்கும் நோயைக் கொடுத்துவிடுவார். அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்து, தோன்றிய பின் 5 முதல் 7 நாட்கள் வரை வைரஸ் வெளியேறக்கூடும்.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. அதன் என்.எஸ்.1 புரதம் இண்டர்ஃபெரான் உருவாவதையே அடக்கப் பார்க்கிறது. முதியோர், கர்ப்பிணிகள், 5 வயதுக்குட்பட்டோர், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு நோய் எளிதில் முற்றும் என்பதால், இவர்களை முதல் நாளிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசெல்டாமிவிர் மருந்து, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும்.

முதற்காவல் அளவு மீறினாலும் ஆபத்துதான். நுரையீரலில் வெள்ளணுக்கள் மிகுதியாகக் குவிந்தால் காற்றறைகளில் நீர் கசிந்து மூச்சு வாங்கும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலமாதல், மனக்குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், காய்ச்சல் விட்டு மீண்டும் ஏறினாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். இராமேஸ்வரம் தீவில் இருப்பவர்கள், பாலம் கடந்து மாவட்டத் தலைநகருக்குப் போகும் நேரத்தையும் கணக்கில் வைத்து, இன்னும் முன்னதாகவே புறப்பட வேண்டும்.