சந்தையா, சமூகநல அரசா? ஊர் வாசகசாலையில் விவாதம் நடத்தும் முறை

ஆள் பதினைந்து பேர், நேரம் இரண்டு மணி, ஒரு கரும்பலகை, வீட்டுப் பீரோவில் கிடக்கும் நாலு காகிதங்கள். அம்பாசமுத்திரமோ முக்கூடலோ பாளையங்கோட்டையோ, இவ்வளவு இருந்தால் விவாதத்தைக் கூட்டிவிடலாம். இருபது பேரைத் தாண்டினால் மேடைப்பேச்சு ஆகிவிடும். எட்டுப் பேருக்குக் குறைந்தால் இரண்டு பேர் மட்டுமே பேசிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் தலைப்பைச் சரிசெய்யுங்கள். ‘சோசலிசமா, முதலாளித்துவமா’ என்று பலகையில் எழுதினால் பத்து நிமிடத்தில் ஒருவர் சோவியத் ரஷ்யாவை இழுப்பார், இன்னொருவர் அமெரிக்காவை இழுப்பார். இரண்டும் இங்கே உதவாது. சமூகநல அரசுக்கு அடிப்படையான சமூக ஜனநாயகத்தில் தனியார் சொத்தும் சந்தையும் தேர்தலும் அப்படியே இருக்கும். வரி, தொழிற்சங்கம், எல்லோருக்குமான பொதுச்சேவை ஆகிய மூன்றையும் கொண்டு சந்தையின் விளைவைத் திருத்துவதுதான் அதன் வேலை. ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி 1959இல் பாட் கோடஸ்பெர்க் மாநாட்டிலேயே சந்தையை ஏற்றுக்கொண்டுவிட்டது. அமெரிக்காவும் சுத்தமான சந்தை நாடு கிடையாது. 1935இல் முதியோர் ஓய்வூதியமும் 1965இல் முதியோர் மருத்துவக் காப்பீடும் அங்கே அரசு கொண்டுவந்தவை. அதனால் பலகையில் இப்படி எழுதுங்கள்: ‘எதைச் சந்தையிடம் விடலாம், எதை விடக்கூடாது, செலவை யார் ஏற்பது?’ மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டால் அன்றைய கூட்டம் வீண்.

அடுத்து அந்த நாலு காகிதங்கள்: மின்கட்டண ரசீது, ரேஷன் கார்டு, ஜிஎஸ்டி போட்ட கடை பில், சம்பளச் சீட்டு. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து மூன்று விஷயம் கேட்க வேண்டும். பணம் யாருடையது? எல்லோருக்குமா, சிலருக்கு மட்டுமா? நாளைக்கு நின்றுபோனால் வழக்குப் போட வழி உண்டா?

மின் ரசீதில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மாடி வீட்டுக்கும் அதே நூறு, ஒற்றை அறை வீட்டுக்கும் அதே நூறு. இங்கேயே கூட்டம் இரண்டாகப் பிரியும். ‘பணக்காரனுக்கு எதுக்கு?’ என்று ஒரு பக்கம் கேட்கும். எதிர்ப்பக்கம் சொல்ல வேண்டிய பதில், ஆளைப் பொறுக்கிக் கொடுத்தால் பொறுக்குகிறவர் கைக்கு அதிகாரம் போகும், தகுதியுள்ளவரும் விடுபடுவார், வசதியுள்ளவர் அந்தத் திட்டத்துக்காகக் குரல் கொடுக்கமாட்டார் என்பது. தமிழ்நாட்டு ரேஷனை எல்லோருக்குமாக வைத்திருப்பதற்கும் இதே வாதம்தான்.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தத்தைப் பாருங்கள். மாதம் 16,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளி 0.75 விழுக்காடாக 120 ரூபாயும், முதலாளி 3.25 விழுக்காடாக 520 ரூபாயும் கட்டுகிறார்கள். கட்டியவருக்கு உரிமை உண்டு. ஐரோப்பியக் காப்பீட்டு முறைக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய உறவு இதுதான். ஆனால் பதினைந்து பேரில் எத்தனை பேரிடம் இந்தச் சீட்டு இருக்கிறது என்று கை தூக்கச் சொல்லுங்கள். இல்லாதவர்களே அதிகம் என்றால், விவாதத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது. நேரத்தில் பெரும்பங்கை அதற்குக் கொடுங்கள்.

உதாரணத்துக்கு வெளிநாடு போக வேண்டாம். தாமிரபரணிக் கரையிலேயே இரண்டு தொழில்கள் உண்டு. விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி கம்பெனி 1880களில் தொடங்கிய பஞ்சாலை ஒன்று. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கத்துப் பீடி மற்றொன்று. மில்லில் எல்லோரும் ஒரே கூரையின் கீழ், ஒரே சங்கு ஊதும் நேரத்துக்கு வேலைக்குப் போனவர்கள். சங்கம் கட்ட முடிந்தது, பேரம் பேச முடிந்தது. பீடி சுற்றும் பெண்ணோ வீட்டுத் திண்ணையில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார். இலையும் தூளும் ஏஜென்ட் கடையிலிருந்து வரும். கூலி 1000 பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கொடுத்த இலை போதாவிட்டால் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். தரமில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. தெருவுக்குத் தெரு சிதறிக் கிடக்கும் இவர்கள் எந்த மேசையில் உட்கார்ந்து பேரம் பேசுவது?

1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளியாக ஏற்றது. 1976இல் பீடி மீது ஒரு தனி வரி போட்டு நலநிதி தொடங்கினார்கள். மருத்துவமனை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, வீடு எல்லாம் அதிலிருந்து வந்தன. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தனி வரி போய்விட்டது. இனி பொது பட்ஜெட்டில் ஒதுக்கினால்தான் பணம். தனக்கென வருவாய் உள்ள திட்டத்துக்கும், ஆண்டுதோறும் கையேந்தும் திட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

சந்தைப் பக்கம் பேசுபவருக்கும் உள்ளூர்ச் சரக்கு வேண்டும். வ.உ.சி. 1906இல் 25 ரூபாய்ப் பங்குகளாகப் பத்து லட்சம் மூலதனம் குறித்துச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. இவர் எட்டணாவுக்கு இறங்கினார். அவர்கள் இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்றார்கள். ‘நடுவர் இல்லாத சந்தையில் பெரிய கை சின்னக் கையை முறித்துவிடும்’ என்று சமூகநலப் பக்கம் இதை எடுக்கும். சந்தைப் பக்கம் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. வ.உ.சி.யைக் கைது செய்தது ஆங்கில அரசு, அதன் தயவில் நடந்ததைத் தடையற்ற போட்டி என்று எப்படிச் சொல்வது என்று திருப்பிக் கேட்கலாம். நல்ல கேள்வி. அதே வ.உ.சி. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளருக்காக நின்று கூலி உயர்வு வாங்கித் தந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். கம்பெனி நடத்துவதும் சங்கம் நடத்துவதும் ஒரே ஆளுக்கு முரணாகத் தெரியவில்லை.

இனிக் கணக்கு. வாக்குறுதி எதுவானாலும் பலகையில் பெருக்கிப் பாருங்கள். மாதம் 1000 ரூபாய், ஒரு கோடிப் பேர் என்றால் ஆண்டுக்கு 12,000 கோடி. எங்கிருந்து? வருமான வரியும் கம்பெனி வரியும் ஒன்றிய அரசின் கையில். பகிர்ந்து தரும் தொகையில் 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குத் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 4.079 விழுக்காடு. மாநிலம் தானே திரட்டுவது ஜிஎஸ்டி பங்கு, பெட்ரோல் வரி, பத்திரப்பதிவு, வாகன வரி, டாஸ்மாக். அதாவது பீடிக் கூலியில் சாமான் வாங்குபவரும் கட்டுகிறார். கடை பில்லை இந்த இடத்தில் எடுத்துக் காட்டுங்கள்.

‘ஸ்வீடன் மாதிரி பணக்காரனிடம் வாங்கு’ என்று யாராவது சொல்வார். ஸ்வீடனில் கடைப் பொருள்களுக்குப் பொதுவான வரி 25 விழுக்காடு. பணக்காரரின் மொத்தச் சொத்து மதிப்பு மீது போட்ட செல்வ வரியை 2007இல் எடுத்தேவிட்டார்கள். அங்கே எல்லோரும் கட்டுகிறார்கள், எல்லோரும் பெறுகிறார்கள். நாட்டு வருமானத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் வரியாக வருகிறது. இந்தியாவில் ஒன்றியமும் மாநிலமும் சேர்ந்தே சுமார் 18தான். இன்னொன்று, ஸ்வீடனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாது. 1938 முதல் சங்கமும் முதலாளிகளும் பேசி முடிவு செய்கிறார்கள். சங்கம் இல்லாத இடத்துக்கு அந்த மாதிரியைத் தூக்கிவந்தால் வெறும் பணப்பட்டுவாடா மட்டும் மிஞ்சும். இலவசத்தையும் சமூக ஜனநாயகத்தையும் நம்மூரில் ஒன்றாக நினைப்பதற்கு இதுவே காரணம் என்பது எங்கள் கருத்து.

எது நிலைத்தது என்ற கேள்விக்கு இரண்டு நாடுகள் போதும். ஸ்வீடன் 1992 நெருக்கடியில் மத்திய வங்கி வட்டியை 500 விழுக்காடு வரை ஏற்றியது. அதன்பின் ஓய்வூதியத்தைத் திருத்தி, செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. சிலி 1981இல் ஓய்வூதியத்தைத் தனியாரிடம் கொடுத்தது. போதவில்லை என்று 2008இல் ஏழை முதியோருக்கு அரசுப் பணம் சேர்த்தது. இரண்டும் நடுவை நோக்கி நகர்ந்திருக்கின்றன.

நேரப் பங்கீடு: காகிதங்களுக்கு 30 நிமிடம், பீடிக்கும் மில்லுக்கும் 40, கணக்குக்கு 25, மீதி வாதத்துக்கு. முதல் ஒரு மணி நேரம் கட்சிப் பெயரோ தலைவர் பெயரோ சொல்லக்கூடாது. சொன்னால் எந்த அண்ணாச்சியானாலும் அந்தச் சுற்றில் பேச்சு இல்லை. இதைத் தளர்த்தினால் விவாதம் தேர்தல் சண்டையாகிவிடும், சரிசெய்யவே முடியாது. பேசாமல் இருக்கும் பெண்களை, வீட்டுக் கணக்கு வைத்திருப்பவர் என்ற முறையில், கணக்குச் சுற்றில் முதலில் பேசச் சொல்லுங்கள்.

முடிக்கும்போது கை தூக்கி வாக்கு எடுக்க வேண்டாம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுங்கள். சந்தையிடமிருந்து எடுக்க வேண்டியது ஒன்று, சந்தையிடம் விட வேண்டியது ஒன்று, இரண்டுக்கும் எதிரே பணம் கட்டுபவர் யார் என்று எழுதட்டும். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.