படப்புத்தகமும் வெள்ளைத்தாளும்: குழந்தையின் கற்பனைக்கு இடம் விடுவது எப்படி?

நல்ல படப்புத்தகத்தில் எழுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை; படமும் எல்லாவற்றையும் காட்டிவிடுவதில்லை. பூனை வீட்டைவிட்டு வெளியே போனது என்று எழுத்து சொல்லும். அப்போது மழை பெய்ததையும் சன்னலிலிருந்து ஒரு சிறுமி பார்த்துக்கொண்டிருந்ததையும் படம் சொல்லும். பூனை ஏன் போனது என்பதை மட்டும் இரண்டுமே சொல்லாமல் விட்டிருக்கும். அந்த விடுபட்ட இடத்தில்தான் குழந்தையின் மனம் வேலை செய்யத் தொடங்குகிறது. ஆகவே, படப்புத்தகத்தின் மூலமும் ஓவியத்தின் மூலமும் ஒரு குழந்தையின் கற்பனையை வளர்க்க விரும்பும் பெற்றோரும் ஆசிரியரும் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது, அந்த இடத்தைத் தாமே முந்திக்கொண்டு நிரப்பிவிடாமல் இருப்பதுதான்.

குழந்தைகளுக்குக் கற்பனை இயல்பாகவே பெருகிக் கிடக்கிறது என்று நாம் நம்புகிறோம். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1930இல் இதற்கு மாறான கருத்தை முன்வைத்தார். முன்பு கண்டதையும் கேட்டதையும் உணர்ந்ததையும் பிரித்தெடுத்துப் புதிய விதத்தில் சேர்ப்பதே கற்பனை. குழந்தையின் அனுபவம் குறைவு என்பதால் அதன் கற்பனைக்குக் கிடைக்கும் பொருளும் பெரியவர்களுடையதைவிடக் குறைவு என்றார் அவர். இதை ஏற்றுக்கொண்டால் நம் வேலை தெளிவாகிவிடுகிறது: படப்புத்தகம் அந்தப் பொருளைச் சேர்த்துத் தருகிறது, வரைதல் அதைக் கலைத்துப் புதிதாக அடுக்கிப் பார்க்கும் களமாகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் கொடுத்தால் பலன் பாதிதான்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதும் வாசிப்பதும்

பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 20 முதல் 30 செ.மீ. தொலைவில் இருப்பவையே ஓரளவு தெளிவாகத் தெரியும் என்பதால், கறுப்பு வெள்ளைபோல் பளிச்சென்று வேறுபடும் பெரிய உருவங்கள் கொண்ட அட்டைகள் போதும். ஒரு வயதை ஒட்டிக் கிழியாத தடித்த அட்டைப் புத்தகங்களும், அதற்குப் பின் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும் சிறுகதைகளும் பொருந்தும். மூன்று வயதிற்கு மேல், எழுத்தே இல்லாத படப்புத்தகம் ஒன்றாவது வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே கதையைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் குழந்தையிடம் வந்துவிடுகிறது. அழகான படம் என்பதற்காக மட்டும் ஒரு புத்தகத்தை எடுக்காமல், எழுத்தில் இல்லாத ஏதாவது ஒன்று படத்தில் நடக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

புதிய புத்தகத்தை முதல் முறை எடுக்கும்போது எழுத்தை வாசிக்க அவசரப்படாமல், அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை படங்களை மட்டும் பார்த்துச் செல்லுங்கள். பக்கத்தைக் குழந்தையே புரட்டட்டும். பெரிய தாளில் அச்சிட்டு மடித்து வெட்டும் முறையினால் பெரும்பாலான படப்புத்தகங்கள் 32 பக்கங்களுக்குள் அமைகின்றன. இவ்வளவு குறைந்த இடத்தில் கதையைச் சொல்ல வேண்டியிருப்பதால், எந்த இடத்தில் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை எழுத்தாளரும் ஓவியரும் மிகவும் யோசித்தே முடிவு செய்கிறார்கள். கதவு பாதி திறந்திருக்கும் பக்கத்தில், குகைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் தெரியும் பக்கத்தில், சில நொடிகள் பேசாமல் காத்திருங்கள். குழந்தை தானாகவே எதையாவது சொல்லத் தொடங்கும். அது சொன்னதற்கு மாறாக அடுத்த பக்கம் அமைந்தாலும், முதலில் சொன்னது தவறாகிவிடாது, அது இன்னொரு கதை.

கேள்விகள் கேட்கும் விதத்தில் கவனம் தேவை. அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்குத் திறந்த கேள்விகளைக் கேட்கவும், குழந்தை சொன்ன பதிலைச் சற்று விரித்துத் திருப்பிச் சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மாதத்திலேயே, வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிட இவர்கள் பேச்சுத்திறனில் முந்தியிருந்தார்கள். 'இது என்ன நிறம்?' என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. 'இந்தக் கரடி இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கும்?' என்பதற்குப் பதில்கள் எத்தனையோ. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டால் வாசிப்பு தேர்வாகிவிடும். ஒரு தடவைக்கு இரண்டு அல்லது மூன்று கேள்விகள் போதும். அதே புத்தகத்தை மறுநாளும் அதற்கு மறுநாளும் கேட்டால் சலிப்பில்லாமல் வாசியுங்கள். கதை மனப்பாடமான பிறகுதான் குழந்தையின் பார்வை படத்தின் மூலைகளுக்குச் செல்கிறது.

புத்தகத்திலிருந்து தாளுக்கு

வாசித்து முடித்தவுடன் அதே படத்தைப் பார்த்து வரையச் சொல்வது பலரும் செய்வது. அது கண்ணுக்கும் கைக்கும் பயிற்சி தருமே தவிர, கற்பனையைத் தொடாது. அதற்குப் பதிலாக, புத்தகத்தில் இல்லாத ஒரு தருணத்தை வரையச் சொல்லுங்கள். இரண்டு பக்கங்களுக்கு நடுவில் என்ன நடந்திருக்கும், கடைசிப் பக்கத்திற்கு மறுநாள் அந்தப் பூனை எங்கே இருக்கும், மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பன போன்றவை நல்ல தொடக்கங்கள். எதையும் சொல்லாமல் வெறும் தாளை மட்டும் வைத்துவிடுவதும் பல நாட்களில் சிறந்த வழியே.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறு குழந்தைகள் உள்ளங்கை முழுவதாலும் பிடிப்பார்கள் என்பதால் தடித்த கிரேயான்களும் பெரிய தாள்களும் வேண்டும். மூன்று விரல்களால் பிடிக்கும் பக்குவம் பொதுவாக நான்கு முதல் ஆறு வயதுக்குள் வந்துவிடும். ரப்பரை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். கேட்காமலே எடுக்கக்கூடிய உயரத்தில் தாளும் வண்ணங்களும் இருக்கட்டும்.

பெரும்பாலானோர் தடுமாறுவது, வரைந்த படத்தைப் பார்க்கும்போதுதான். இரண்டு வயதுக் கிறுக்கல் எதையும் குறிக்காமல் இருக்கலாம். கையின் அசைவு தாளில் தடமாகிறது என்ற கண்டுபிடிப்பே அந்த வயதுக்குப் பெரிது. மூன்று, நான்கு வயதில் தலையிலிருந்தே கால்கள் முளைத்த மனிதர்கள் தோன்றுவார்கள். பிறகு வீட்டின் சுவர் வழியாக உள்ளே இருப்பவர்கள் தெரிவார்கள், மீனின் வயிற்றுக்குள் அது விழுங்கிய புழு தெரியும். பிரெஞ்சு ஆய்வாளர் ஜார்ஜ் ஆன்ரி லூக்கே 1927இல் விளக்கியபடி, குழந்தை தான் பார்ப்பதை அல்ல, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. வீட்டுக்குள் ஆட்கள் இருப்பது தெரிந்திருக்கும்போது சுவர் அதை மறைப்பதற்கு அதன் கணக்கில் காரணமே இல்லை. இவற்றைத் திருத்தாதீர்கள்.

'இது என்ன, நாயா?' என்று ஊகிப்பதைவிட, 'இதைப் பற்றிச் சொல், கேட்கிறேன்' என்பது நல்லது. கண்ணில் பட்டதை உள்ளபடி சொல்வதும் நல்லது: 'இந்தப் பக்கம் முழுவதும் சிவப்புக் கோடுகள் வேகமாகப் போகின்றன.' குழந்தை சொல்லும் கதையை அதன் சொற்களிலேயே படத்தின் பின்புறம் தேதியுடன் எழுதி வையுங்கள். 'எனக்கு யானை வரையத் தெரியாது, நீயே வரைந்து கொடு' என்று கேட்டால் பென்சிலைக் கையில் எடுக்காதீர்கள். வெவ்வேறு ஓவியர்கள் யானையை வரைந்திருக்கும் மூன்று புத்தகங்களைத் திறந்து அருகருகே வையுங்கள். ஒன்றில் யானை சாம்பல் நிற உருண்டையாக இருக்கும், இன்னொன்றில் நான்கே கோடுகளில் முடிந்திருக்கும். சரியான யானை என்று ஒன்று இல்லை என்பதைக் குழந்தை தன் கண்ணாலேயே கண்டுகொள்ளும்.

பரிசு கொடுப்பதில் நிதானம் வேண்டும். அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதை விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்களுக்குப் பின் கவனித்தபோது, அந்தக் குழந்தைகள் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாகிவிட்டிருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் இந்தச் சரிவு இல்லை. ஓவியப் போட்டிகளுக்காகவே குழந்தையைத் தயார்செய்யும் வழக்கத்தை நான் ஐயத்துடன் பார்ப்பது இதனால்தான். வண்ணம் தீட்டும் புத்தகங்களை விலக்க வேண்டியதில்லை; ஆனால் வெள்ளைத்தாளின் இடத்தை அவை பிடித்துக்கொள்ளக் கூடாது.

ஒன்பது வயதை ஒட்டிப் பல குழந்தைகள் தம் படம் நிஜம்போல் இல்லை என்று வரைவதையே நிறுத்திவிடுகிறார்கள். தொலைவில் இருப்பதைச் சிறிதாக வரைவது, நிழலிடுவது போன்ற நுட்பங்களைக் கற்றுத்தர ஏற்ற வயது அதுதான். கட்டம் கட்டமாகக் கதை சொல்லும் சித்திரக்கதைகளும் அப்போது பெரிதும் உதவும்.

நான்கு தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்து, மடிப்பில் நூலால் தைத்தால் 16 பக்கங்கள் கொண்ட புத்தகம் கிடைக்கும். அதில் குழந்தை தன் கதையை வரையட்டும். எழுதத் தெரியாத வயதென்றால் அது சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அட்டையையும் தலைப்பையும் கடைசிக்கு விடுங்கள், ஏனெனில் கதை எங்கே போகும் என்பது பெரும்பாலும் வரைந்து முடித்த பிறகே குழந்தைக்குத் தெரிகிறது. ஆசிரியர் பெயரும் ஓவியர் பெயரும் அட்டையில் வரட்டும். முடிந்த புத்தகத்தை மற்றப் புத்தகங்கள் இருக்கும் அலமாரியிலேயே வைத்து, அவற்றை வாசிக்கும் அதே அக்கறையோடு, பக்கம் திரும்பும் இடங்களில் நிறுத்தி, அடுத்து என்ன என்று கேட்டு வாசியுங்கள்.