பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிவு: நாட்கள் எங்கே வீணாகின்றன?

மாம்பலத்தில் ஒரு வீடு. 78 வயதுப் பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுகிறார். காலை ஊன்ற முடியவில்லை. கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. 'சுளுக்காத்தான் இருக்கும்' என்று தைலம் தடவி ஓர் இரவைக் கடத்துவது முதல் தவறு. 108-ஐக் கூப்பிடுங்கள். முறிந்த காலோடு நாலடி நடப்பவர்களும் உண்டு. அதை நம்பி ஏமாற வேண்டாம்.

அடுத்தது புத்தூர் கட்டு. கை முறிவுக்குக் கட்டு போட்டுக் குணமானவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். சரி, ஆனால் இங்கே உடைந்திருப்பது தொடை எலும்பின் மேல்முனை. வெளியிலிருந்து போடும் எந்தக் கட்டும் அதை அசையாமல் பிடித்து நிறுத்தாது. வாரக்கணக்கில் படுக்க வைத்தால் படுக்கைப் புண், நிமோனியா, சிறுநீர்த் தொற்று, காலில் ரத்தக் கட்டி எல்லாம் வரிசையாக வரும். பலரைக் கொண்டுபோவது முறிவல்ல, அந்தப் படுக்கைதான்.

ஆபரேஷனை எவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும்? பிரிட்டனின் நைஸ் (NICE) என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல் மருத்துவமனையில் சேர்ந்த அன்றோ மறுநாளோ என்கிறது. 6 மணி நேரத்துக்குள் செய்தால் இன்னும் நல்லதா என்று பல நாடுகளில் ஆராய்ந்து 2020-இல் முடிவு வெளியிட்டார்கள். ஏறக்குறைய 24 மணி நேரத்தில் செய்தவர்களோடு ஒப்பிட்டால் உயிரிழப்பில் பெரிய வித்தியாசமில்லை; மனக்குழப்பம் போன்ற சில சிக்கல்கள் குறைந்தன. ஆகவே நடுராத்திரியில் ஆபரேஷன் தியேட்டரைத் திறக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். ஆனால் நியூஜெர்சி பையன் வரட்டும், அஷ்டமி நவமி கழியட்டும் என்று நாலு நாள் தள்ளுவது வேறு விஷயம்.

அதிக நாட்களை விழுங்குவது பிளட் தின்னர், அதாவது ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைதான். 'அஞ்சு நாள் நிறுத்திட்டுப் பண்ணலாம்' என்பது திட்டமிட்ட முட்டி ஆபரேஷனின் கணக்கு. ஆஸ்பிரினுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குளோபிடோகிரெலுக்காகவும் பொதுவாகத் தள்ளிப்போடுவதில்லை. வார்ஃபரின் என்றால் வைட்டமின் கே கொடுத்து அதன் வேலையை முறிக்கலாம். அபிக்சபான் போன்ற புது மாத்திரைகளுக்கு ஓரிரு நாள் தேவைப்படலாம், சிறுநீரகத்தைப் பொறுத்து. அதனால் மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோய், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று சொல்லுங்கள்.

அப்புறம் ஃபிட்னஸ், அதாவது ஆபரேஷனை உடம்பு தாங்குமா என்று பார்ப்பது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ரொம்பக் குறைந்த சோடியம் போன்றவற்றுக்குக் காத்திருப்பது நியாயம். சுகர் 250 என்பதற்காக மூன்று நாள் எதற்கு? இன்சுலின் சில மணி நேரத்தில் அதைக் குறைத்துவிடும். 'எதைச் சரிசெய்யக் காத்திருக்கிறோம் டாக்டர், எவ்வளவு நேரமாகும்?' என்று கேளுங்கள். தப்பில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே பிசியோதெரபிஸ்ட் வாக்கரோடு வந்து நிற்பார். 'பாவம், ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்' என்று அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.