டிரெய்லர் கட்டுகிறவர்களே, பின்பாரம் பாருங்கள்

போன மாதம் வள்ளியூரில் ஒரு வெல்டிங் பட்டறையில், காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று, போகிற இடத்தில் தங்கிச் சமைக்க உதவும் சிறிய டிரெய்லர் ஒன்றை இரண்டு இளைஞர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் உருண்டு பின்னால் சரியும் நீர்த்துளி வடிவத்தைத் தரையில் சாக்பீஸால் அழகாக வரைந்திருந்தார்கள். "எப்படி இருக்கிறது அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். நான் சட்டத்தின் அடியில் குனிந்து பார்த்தேன். மேலே ஒரு பலகைகூட ஏறவில்லை. அதற்குள் சக்கர அச்சை நட்டநடுவில் வைத்துப் பற்றவைத்து முடித்துவிட்டார்கள். ஏழு வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு.

பற்றவைப்பில் ஓட்டை, தளர்ந்த போல்ட் போன்றவற்றைப் பட்டறைக்காரரே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன். அவர் சொல்லாமல் விடுகிறவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

மூக்கைக் கூராக்குவது

நாம் போகும் வேகத்துக்குக் கூர்முனை தேவையில்லை. விளிம்புகள் உருண்டிருந்தால் போதும். வண்டியைக் காற்று பிடித்து இழுப்பது வால்பக்கத்தில்தான். கூரை மெல்லச் சரிந்தால் காற்று அதை ஒட்டியே வழியும். சரிவு சுமார் 15 பாகையைத் தாண்டினால் பிய்த்துக்கொண்டு, பின்னால் சுழலாகிவிடும். 10, 12 பாகையோடு நிறுத்துங்கள். அந்தச் சரிவில் முனைவரை போனால் நீளம் கட்டுப்படியாகாது. பாதியில் செங்குத்தாக வெட்டிவிடலாம். 1930களில் ஜெர்மானியப் பொறியாளர் வூனிபால்ட் காம் காட்டிய வழி அது.

பின்பாரம்

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. நீர்த்துளி டிரெய்லரில் சமையல் பெட்டி வால்பக்கம்தான் வரும். அடுப்பு, பாத்திரம், தண்ணீர் எல்லாம் அங்கே போய் உட்காரும். அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் பின்னால் இரண்டு 20 லிட்டர் கேன் வைத்தேன், 40 கிலோ. டிரெய்லரைக் காரில் மாட்டும் கொக்கி அச்சிலிருந்து மூன்று மீட்டர் முன்னால் இருந்தது. அந்தக் கேன்கள் மட்டுமே கொக்கியின் மேல் இறங்கும் பாரத்தில் 20 கிலோவைக் குறைத்துவிட்டன.

ஆனி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, பனகுடி பக்கம் நான்குவழிச் சாலையைக் குறுக்காக அடிக்கும். 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கண்ணாடியில் பார்த்தேன்: டிரெய்லரின் வால் இடமும் வலமுமாக ஆடியது. ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது. பதறிப் பிரேக்கை அழுத்தினேன். டிரெய்லர் காரைத் தள்ளிக்கொண்டு திரும்பியது. சாலையோர மண்ணில் சாய்ந்து நின்றோம். யாருக்கும் அடியில்லை. மூன்று மாதம் தட்டித் தட்டி வளைத்த அலுமினியத் தகடு ஒரு பக்கம் முழுவதும் நசுங்கிப்போனது.

உதவிக்கு வந்த பெரியவர் ஒருவர் கொக்கியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "பின்பாரமாக ஏற்றியிருக்கிறாயே தம்பி" என்றார். மாட்டுவண்டி ஓட்டியவர் அவர். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கணக்கு.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். 400 கிலோ என்றால் 40 முதல் 60 கிலோ. அதை உங்கள் காரின் கொக்கி தாங்குமா என்றும் பாருங்கள். அச்சை முதலில் யு-போல்ட் போட்டு மட்டும் நிறுத்துங்கள். உடல் ஏறி, தண்ணீர், சாமான் எல்லாம் வைத்த பிறகு, டிரெய்லரைச் சமமட்டத்தில் நிறுத்திக் கொக்கியின் அடியில் தராசு வைத்துப் பாருங்கள். குறைந்தால் அச்சைப் பின்னால் தள்ளுங்கள். பற்றவைப்பு அதற்குப் பிறகுதான்.

அப்படியும் ஆடினால் பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாக இறங்க விடுங்கள்.

உயரம்

காரின் கூரையை மிஞ்ச வேண்டாம்.

பதிவு

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்ட பிறகு முதல் பைப்பை வெட்டுங்கள்.